ரேடியேட்டரை மாற்றிய பின் உள்ளே தங்கிவிடும் காற்று

வீட்டிலேயே ரேடியேட்டரை மாற்றிவிட்டு, இரண்டு நாள் கழித்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வருபவர்களிடம் நான் பெரும்பாலும் காணும் குறை ஒன்றுதான். ரேடியேட்டரைச் சரியாகவே பொருத்தியிருப்பார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை ஊற்றும்போது காற்றை உள்ளே அடைத்துவிட்டிருப்பார்கள்.

என்ஜின் முழுவதும் ஆறிய பின்பே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சுமார் 1 பார் அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாகி முகத்தில் பீறிடும். விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதால் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பலவற்றில் கியர் ஆயிலும் ரேடியேட்டர் வழியாகவே குளிர்விக்கப்படுவதால், அக்குழாய்களைக் கழற்றினால் ஆயில் அளவையும் பின்னர் சரிபார்த்தாக வேண்டும். வடித்த கூலன்ட் எத்தனை லிட்டர் என்று அளந்து, மூடி வையுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் அதை அறியமாட்டா.

போர்வெல் தண்ணீரை ஊற்றும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. குடத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. அடர்கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி கலக்க வேண்டும். கலந்தே விற்பதில் எதையும் சேர்க்கக் கூடாது. நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்றாகிவிடாது என்பதால், வண்டியின் கையேடு குறிப்பிடும் வகையையே வாங்குங்கள்.

இனி நிரப்புதல். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து (நம் ஊர் வெயிலில் அந்தத் திருகைத் தொட்டே பாராதவர்கள் உண்டு), காற்றை வெளியேற்றும் திருகாணி இருந்தால் அதைத் தளர்த்தி, நிதானமாக ஊற்ற வேண்டும். திருகாணியில் குமிழியின்றிக் கூலன்ட் வழிந்ததும் அதை இறுக்கிவிட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரிக்குள், கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும். அப்போது கீழ் ஹோஸ் சூடேறும், மட்டமும் இறங்கும். என்ஜின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் ஏர் லாக், அதாவது காற்று அடைபட்டுக் கூலன்டைத் தடுப்பது, இருப்பதாகக் கொள்ளலாம். டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள்ளை மட்டும் நம்பிவிடாதீர்கள். சென்சார் நீரில் மூழ்காமல் காற்றில் நின்றால், என்ஜின் கொதிக்கும்போதும் முள் கீழேயே கிடக்கக்கூடும். அந்நிலையில் ஓட்டியவர்களுக்குத்தான் என்ஜினின் மேற்பகுதியான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், ரேடியேட்டரின் விலையைப் போல் பல மடங்கு செலவு வந்து சேர்கிறது.

மறுநாள் காலை, என்ஜினை எழுப்பும் முன் மட்டத்தை மீண்டும் பாருங்கள். சற்று இறங்கியிருப்பது இயல்பு. அடைபட்டிருந்த காற்று வெளியேறிய இடம் அது. நிரப்பிய பிறகும் நாள்தோறும் இறங்கினால் எங்கோ கசிகிறது.