பழைய கம்ப்யூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது?

அக்கா வீட்டில் 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று உண்டு. இன்டெல் ஐ5-4460, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அத்தான் கடைக் கணக்கு எழுதுவதும் பையன் பாடம் படிப்பதும் அதில்தான். "பட்டனை அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்குப்பா" என்றார் அத்தான் ஒருநாள். பார்க்க வந்த மெக்கானிக், பிராசஸர் பழசாகிவிட்டது, மதர்போர்டோடு மாற்றினால்தான் வேகம் வரும் என்று சொல்லி 30,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் போனதும் முதலில், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில் டிஸ்க் 100 சதவீதம், சிபியு என்கிற பிராசஸர் 14 சதவீதம். மாற்றச் சொன்ன பிராசஸர் வேலையில்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

எதற்குக் காத்திருந்தது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஐ5-4460 நொடிக்கு 320 கோடி முறை துடிக்கிறது. 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது அதைத்தான். ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல். படிக்கும் முனை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், அப்புறம் வேண்டிய இடம் சுற்றி அதன் அடியில் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக 12, 13 மில்லிநொடி. அதற்குள் பிராசஸர் 4 கோடி முறை துடித்துவிடும். விண்டோஸ் எழும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் இதே காத்திருப்புதான்.

ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டிப் பாருங்கள். அடுப்பில் நிற்பவர் கையருகே அஞ்சறைப்பெட்டி இருப்பது போல, பிராசஸருக்குள்ளேயே கேஷ் என்ற குட்டி நினைவகம் இருக்கிறது. கடுகு அதில் இருந்தால் 4 நொடி. இல்லையென்றால் ராமுக்குப் போக வேண்டும், 4 நிமிடம், உள்ளறைக்குப் போய் டப்பாவைத் தேடி எடுத்து வரும் நேரம். சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் 3, 4 நாள். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றேகால் வருஷம். கடுகு வர ஒன்றேகால் வருஷம் ஆகும் வீட்டில் சமையல்காரரை மாற்றி என்ன ஆகப்போகிறது?

480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, இருந்ததை அப்படியே குளோன் செய்து மாட்டினேன். நாலு ஸ்க்ரூ, ஒரு கேபிள், எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செலவு. அத்தான் வழக்கம்போல பட்டனை அமுக்கிவிட்டு எழுந்தார். கதவுப் பக்கம் போவதற்குள் பாஸ்வேர்டு கேட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சரி, அப்புறம் ஒவ்வொரு வருஷமும் வரும் புதுப் புது பிராசஸர்கள் என்னதான் கூடுதலாகச் செய்கின்றன? துடிப்பு ஒன்றும் பெரிதாகக் கூடவில்லையே என்று கேட்டால், கேள்வி நியாயமானது. 2004 கடைசியிலேயே பென்டியம் 4 பிராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் வரப்போகிறது என்று அறிவித்திருந்த இன்டெல், அதே வருஷம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. காரணம் சூடு. பிராசஸருக்குள் இருக்கும் குட்டி ஸ்விட்சான டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக அதற்குத் தேவையான மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போகலாம், அதனால் அதே பரப்பில் சூடு ஏறாது என்று 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் காட்டியிருந்தார். முப்பது வருஷம் அது பலித்தது. டிரான்சிஸ்டர்கள் மிக மிகச் சிறிதானபோது, அணைத்து வைத்திருக்கும் நேரத்திலும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை, துடிப்பையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியவில்லை.

அப்போது வழி மாறியது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடி, 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐச் சுலபமாகத் தாண்டியது. எத்தனை முறை துடிக்கிறது என்பதோடு, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் கணக்கில் வந்தது. உள்கட்டமைப்பு புதுசு என்று சொல்வது இதைத்தான்.

வேலை முடிவது எப்படிக் கூடுகிறது? பிராசஸர் கட்டளைகளை நாம் எழுதிய வரிசையில் செய்வதில்லை. முன்னால் நீளமாகப் பார்த்து, எது எதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லையோ அதை முதலில் முடிக்கிறது. பருப்பு வேகும் நேரத்தில் காய் நறுக்குவது மாதிரி. எவ்வளவு தூரம் முன்னால் பார்க்க முடியும் என்பதுதான் விஷயம். அக்கா வீட்டு ஐ5 ஒரே சமயத்தில் 192 கட்டளைகளைக் கையில் வைத்துக்கொண்டு பொறுக்கும். 2021-இல் வந்த 12-ஆம் தலைமுறை இன்டெல்லின் பெரிய கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர்) 512 வைத்துக்கொள்ளும். ராமில் இருந்து ஒரு எண் வரும் அந்த 4 நிமிடத்தில், பழையது சீக்கிரமே கையில் இருந்ததையெல்லாம் முடித்துவிட்டு நின்றுவிடும். புதியது இன்னும் நறுக்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று ஊகம். புரோகிராமில் 'இப்படி இருந்தால் அந்தப் பக்கம் போ' என்று அடிக்கடி கிளை பிரியும். எந்தப் பக்கம் என்று தெரிகிற வரை நிற்காமல், பிராசஸர் ஊகித்து ஒரு பக்கம் ஓட ஆரம்பித்துவிடும். மெஸ்ஸில் தினமும் ராத்திரி ரவா தோசை கேட்பவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாஸ்டர் கல்லில் மாவை ஊற்றிவிடுகிறாரே, அது மாதிரி. பெரும்பாலும் சரியாக இருக்கும், 100-க்கு 95-க்கும் மேல். அன்றைக்கு அவர் இட்லி கேட்டுவிட்டால் தோசை வீண். பிராசஸருக்கு 15, 20 துடிப்பு வீண். புதுத் தலைமுறைகளில் பெரிய உழைப்பு இந்த ஊகத்தைக் கூர்மையாக்குவதில்தான் போகிறது. இப்படி ஊகித்து முன்னால் ஓடுவதைப் பயன்படுத்தி ரகசியங்களை எட்டிப்பார்க்கலாம் என்று காட்டியவைதான் 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள். அவற்றை அடைத்த அப்டேட்கள் பழைய பிராசஸர்களின் வேகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டன.

அப்புறம் அஞ்சறைப்பெட்டியும் பெரிதாகியிருக்கிறது. ஐ5-4460-இல் 6 எம்பி கேஷ், 12-ஆம் தலைமுறை ஐ5-12400-இல் 18 எம்பி. இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்த 5800எக்ஸ்3டி பிராசஸர் இன்னும் ஒரு படி மேலே போய், பிராசஸரின் மேலேயே இன்னொரு அடுக்கு நினைவகத்தை ஒட்டி 96 எம்பி ஆக்கியது. கேம் ஆடுபவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கியதற்கு அதுதான் காரணம்.

இவை எல்லாம் கூடி, ஒரே கோரில் ஓடும் வேலை இந்த இரண்டு ஐ5-களுக்கும் நடுவில் ஏறக்குறைய இரட்டிப்பு வேகமாகியிருக்கிறது. பத்து வருஷம் முந்தைய பிராசஸரில் இருந்து மாறினால் நிச்சயம் தெரியும். மூன்று, நான்கு வருஷப் பழசில் இருந்து மாறினால், வீட்டு வேலைகளில் பலருக்குத் தெரியாது என்பதுதான் என் எண்ணம். அந்தப் பணத்தை ராமிலோ நல்ல மானிட்டரிலோ போடலாம்.

வேகத்தோடு சேராத ஒரு வித்தியாசமும் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் யூடியூப் 4கே வீடியோ வெட்டி வெட்டி ஓடும், ஃபேன் இரையும். ஆனால் சின்ன மொபைலில் அதே வீடியோ வழுக்கிக்கொண்டு போகும். 1080பி-க்கு மேல் யூடியூப் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோ. அதை விரிப்பதற்கென்றே தனிப் பகுதி மொபைல் சிப்பிலும் புது பிராசஸர்களிலும் இருக்கிறது. அக்கா வீட்டு 4-ஆம் தலைமுறை ஐ5-இல் எச்.264 என்ற பழைய முறைக்கு அப்படி ஒரு பகுதி உண்டு, இந்த இரண்டுக்கும் இல்லை. இவற்றைக் கோர்களே கையால் விரிக்க வேண்டும். யூடியூபில் தரத்தை 1080பி-க்கு இறக்கி, எச்.264-ஐயே கேட்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை பிரவுசரில் போட்டால் பிரச்சினை போய்விடும். அக்கா வீட்டு மானிட்டரே 1080பி-தான்.

மாற்றுவது என்று முடிவானாலும், பிராசஸரை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஐ5-4460 உட்காரும் எல்ஜிஏ 1150 சாக்கெட்டில் இன்றைய எதுவும் உட்காராது. போர்டு மாறும். டிடிஆர்3 ராம் உதவாது, அதுவும் மாறும். ஏஎம்டி பக்கம் நிலைமை வேறு. 2017-இல் முதல் ரைசன் பிராசஸரோடு ஏஎம்4 சாக்கெட் போர்டு வாங்கியவர்களில் பலர், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் அப்டேட் செய்துவிட்டு, அதே போர்டில் ஐந்து வருஷம் கழித்து வந்த 5800எக்ஸ்3டி-யைப் பொருத்திக்கொண்டார்கள். உங்களிடம் ஏஎம்4 போர்டு இருந்தால் முதலில் அந்த வழியைத்தான் பாருங்கள்.

விண்டோஸும் ஒரு கட்டாயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல், பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் இலவசமாகவே இருக்கிறது, பழைய ஐ5-இல் தாராளமாக ஓடும்.

மொபைல்களில் இருக்கும் வகையான ஆர்ம் பிராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே மாறுவது பிராசஸர் பேசும் மொழியே. பழைய புரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும், ஆனால் பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்க வைக்கும் டிரைவர் மென்பொருளை அப்படி ஓட்ட முடியாது. வீட்டில் இருக்கும் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எஸ்எஸ்டி போட்ட பிறகு அந்த டெஸ்க்டாப் நன்றாகவே ஓடியது. அக்கா பையன் காலேஜ் சேர்ந்து வீடியோ எடிட் செய்ய ஆரம்பித்ததும் மறுபடி கூப்பிட்டான். "மாமா, எக்ஸ்போர்ட் போட்டா முக்கால் மணி நேரம் ஆகுது." டாஸ்க் மேனேஜரைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இந்தத் தடவை டிஸ்க் 3 சதவீதம். நாலு கோருக்கான நாலு கட்டமும் மேல் விளிம்பு வரை நிரம்பி, அப்படியே நின்றன. அந்த மாதமே ஐ5-12400, போர்டு, 16 ஜிபி ராம் மூன்றையும் வாங்கினோம். எஸ்எஸ்டியைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றி, அதே நாலு ஸ்க்ரூவில் புதியதில் மாட்டினான்.