வளரறி மதிப்பீடு: சொல்லும் பதிவேடும்

பள்ளி ஆசிரியர்கள் பேச்சில் ‘எஃப்.ஏ.’, ‘எஸ்.ஏ.’ என்றே புழங்கும் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட், சம்மேட்டிவ் அசெஸ்மென்ட் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் அரசாணைகளும் ஆளும் சொற்கள் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு.

இடு என்ற வினை ஈடு என்று முதல் நீண்டு பெயரானது; மதிப்பிடு, மதிப்பீடு. கெடு கேடானது போல. வளர், அறி என்ற இரு வினையடிகள் ஒட்டி ‘வளர்ச்சியை அறியும்’ என்று விரிவது வளரறி. பருவம் முழுதும் படித்ததைத் தொகுத்து அறிவது தொகுத்தறி. இலங்கைத் தமிழில் அசெஸ்மென்ட்டைக் கணிப்பீடு என்றும், இவேல்யுவேஷனை மதிப்பீடு என்றும் பிரித்து ஆள்கிறார்கள். நாம் இரண்டையும் மதிப்பீடு என்ற ஒன்றிலேயே அடைத்துவிட்டோம்.

ஃபார்மேட்டிவ், சம்மேட்டிவ் என்ற ஆங்கிலச் சொல்லிணையை 1967இல் உருவாக்கியவர் மதிப்பீட்டியல் அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன். அவர் பேசியது மாணவரைப் பற்றியன்று, பாடத்திட்டங்களைப் பற்றி: உருவாகிக்கொண்டிருக்கும்போதே குறை கண்டு திருத்துவது ஒன்று, முடிந்தபின் தரம் சொல்வது மற்றொன்று. அதை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம். ஆக, மூலச்சொல்லின் உயிர் ‘உருத்திருத்தல்’. நம் சொல் ‘அறிதல்’ என்பதோடு நின்றுவிடுகிறது. செவிக்கு இனிய சொல்தான். ‘உருவாக்க மதிப்பீடு’ என்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அறிந்தபின் பாடத்தை மாற்று என்ற பாதி அதில் இல்லை. ஆசிரியர்கள் எழுதும் பல பதிவேடுகளிலும் அதுதான் இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், குழந்தை புரிந்துகொண்டதையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து முழுமையாக மதிப்பிடச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு இது வந்தது. பருவத்துக்கு 100 மதிப்பெண்: வளரறி (அ) செயல்பாடுகளுக்கு 20, வளரறி (ஆ) சிறு தேர்வுகளுக்கு 20, தொகுத்தறிக்கு 60. கூட்டுத்தொகைக்கேற்ப ஏ1 (91–100) முதல் இ2 வரை தரநிலை.

வளரறிக்கான இந்த 40 மதிப்பெண்தான் சிக்கல். வளரறிக்கு எண் கொடுத்தவுடனே அது தொகுத்தறியின் தம்பி ஆகிவிடுகிறது. பருவக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மையில், வகுப்பு முழுவதற்கும் 16, 17, 18 என்று நிரம்பிய கட்டங்கள் எதை அறிந்தன?

பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள். கட்டத்தில் ‘பத்துக்கு நான்கு’ என்று மதிப்பெண் போட்டால் தகவல் செத்துவிடும். ‘தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டுகிறாள், காகிதப் பட்டையில் அரையைவிட விடை சிறிதாவதைக் காட்டணும்’ என்று தேதியோடு எழுதினால் அது வளரறி. அடுத்த வாரம் அதே வகைக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, விடையைக் கீழே எழுத வேண்டும். தவறு, அதற்குச் செய்ய வேண்டியது, மறுமுறை விடை என்ற மூன்றில் இந்த மூன்றாவது வரி இல்லாத பதிவு பாதிப் பதிவுதான். எல்லாருக்கும் எழுத நேரம் வராது. தடுமாறுகிறவர்களுக்கும், முந்திப் போகிறவர்களுக்கும் எழுதினால் போதும்.

எண் போட்டே ஆகவேண்டிய இடத்தில் இரண்டு இடறல்கள். ஒன்று, முழு எண்ணாக்குவது. (அ) 16.4, (ஆ) 13.4, தொகுத்தறி 41 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டியபின் முழுமையாக்கினால் 70.8, அதாவது 71, தரநிலை பி1. பகுதி பகுதியாக முழுமையாக்கினால் 16, 13, 41, மொத்தம் 70, பி2. எந்த முறை என்பதைப் பள்ளி முழுதும் முன்கூட்டியே ஒன்றாக வைத்துக்கொள்ளாவிட்டால் அடுத்தடுத்த பிரிவுகளில் ஒரே உழைப்புக்கு இரண்டு தரநிலை வரும். மற்றொன்று, வராத நாளுக்குச் சுழியம் போடுவது. வருகையின்மை வேறு, தெரியாமை வேறு. ‘வரவில்லை’ என்றே குறித்து, பின்னொரு நாள் அச்செயல்பாட்டைக் கொடுக்க வேண்டும்.

தேர்ச்சி அறிக்கையை வாங்கும் பெற்றோருக்கு பி1 என்பதால் ஒன்றும் விளங்காது. ‘இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும்’ என்ற குறிப்பும் அப்படியே. ‘மூன்றிலக்கக் கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் தவறுகிறான், மற்றவை சரி’ என்பது ஒரே வரிதான். வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அது போதும்.