பதினேழு எப்படிப் பதின்மூன்றாயிற்று: ஒரு பழைய சிறிய காரின் பெட்ரோல் கணக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருபவர்களில் பெரும்பாலோர் கடலூரில் பெட்ரோல் போடுவதில்லை. முள்ளோடையில் எல்லையைத் தாண்டியதும் வரி குறைந்து விலையும் குறைவதால், முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலும் அதுவரை எப்படியாவது ஓட்டிக்கொண்டு போய் அங்கேதான் டேங்க்கை நிரப்புவோம். இந்தப் பழக்கத்தால் எனக்கு எதிர்பாராத நன்மை ஒன்று வாய்த்தது. ஒரே பங்க்கில், ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஒரு நோட்டில் குறித்துவந்ததால், என் காரின் மைலேஜ் என்ன என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட, 2008-இல் வாங்கிய அந்தக் கார் பல ஆண்டுகளாக லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்துவந்தது. ஒரு கோடைக்குப் பிறகு அது 13-க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

கேட்டவர்கள் எல்லோரும் வண்டிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் ஆயில் குறையும், சைலன்சரில் நீலப் புகை தெரியும், இழுவை குறையும். அதுவும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கும். ஒரே பருவத்தில் நான்கில் ஒரு பங்கு மைலேஜ் காணாமல் போகிறதென்றால், வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. சிறிய பெட்ரோல் எஞ்சின் ஊருக்குள் ஓடும்போது அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் சுழற்சியாக மாற்றுகிறது; மற்றதெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும். இந்த விரயத்துக்கு ஒரு காரணம் பலருக்குத் தெரியாதது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் உள்ள வட்டத் தகடு பெரும்பகுதி மூடியே இருக்கிறது. பிஸ்டன் அந்த இடுக்கின் வழியாகக் காற்றை இழுத்தாக வேண்டும். ஊசிபோடும் குழாயின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கம் இழுத்துப் பார்த்தால் அந்த உழைப்பு எத்தகையது என்று கைக்கே தெரியும். அதனால்தான் அதே வேகத்தை மூன்றாம் கியரில் போவதைவிட நான்காம் கியரில், எஞ்சின் திணறாத அளவுக்கு, தகட்டைச் சற்று அதிகம் திறந்து போவது சிக்கனமாகிறது.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்ற நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துப் பார்த்தபோது, இஞ்செக்டர் (கணினியின் கட்டளைப்படி பெட்ரோலைத் தெளிக்கும் ஊசிவால்வு) உள்ள கார்களில் அடைபட்ட ஃபில்டர் முடுக்கத்தைக் குறைத்ததே தவிர எரிபொருள் செலவைக் குறிப்பிடும்படி கூட்டவில்லை. எப்படியும் பாதி மூடியிருக்கும் வாசலுக்கு முன்னால் இன்னொரு தடுப்பு வந்தால், ஓட்டுபவர் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துகொள்கிறார், அவ்வளவுதான். கணினி இல்லாமல் காற்றின் இழுப்பாலேயே பெட்ரோலைக் கலக்கும் பழைய கார்புரேட்டர் கார்களுக்கு இது பொருந்தாது. அங்கே அடைபட்ட ஃபில்டர் கலவையில் பெட்ரோலின் பங்கையே கூட்டிவிடும்.

என் வண்டியில் நடந்ததற்கு வருகிறேன். அந்தச் சித்திரையில் ரேடியேட்டர் கசிவுக்காக ஒரு பட்டறையில் வண்டியை விட்டிருந்தேன். அதன் பிறகு, தவளக்குப்பம் தாண்டியும் வெப்பமானியின் முள் கீழ்க் கால்பகுதியைவிட்டு ஏறாததைப் பல வாரங்கள் கழித்துத்தான் கவனித்தேன். வெயில் கொளுத்தும் ஊரில் எஞ்சின் சூடாகவில்லை என்றால் மகிழ்ச்சிதானே என்று தோன்றியதே என் தவறு. விசாரித்தபோது, "இந்த வெயிலுக்கு அது எதுக்கு சார்?" என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் விசிறியையும் எந்நேரமும் ஓடும்படி டைரக்டாக இணைத்திருப்பது தெரிந்தது.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. அதன் நடுவே சிறு கூட்டுக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுமார் 82 டிகிரி செல்சியஸை எட்டும்போது அந்த மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறந்து, சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகிறது. அதுவரை கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவாகச் சூடேறும். வெளியே கத்திரி வெயில் 40 டிகிரி அடிக்கலாம். ஆனால் எஞ்சின் விரும்புவது ஏறக்குறைய 90 டிகிரி. அந்தக் கணக்கில் நம் மே மாதமும் அதற்குக் குளிர்காலமே. வால்வு இல்லாவிட்டால் சாவி போட்ட நொடியிலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்கு ஓடுகிறது, நெடுஞ்சாலைக் காற்றும் ஓயாத விசிறியும் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கின்றன.

இதற்கும் பெட்ரோலுக்கும் என்ன தொடர்பு என்றால், மெக்கானிக்குகள் ஈ.சி.எம். என்று சொல்லும் சிறு கணினிதான் தொடர்பு. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடைக்கணக்கில், என்பதே முழுமையாக எரிவதற்கான விகிதம். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்து வெளிவரும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, கணினி இஞ்செக்டர் திறக்கும் நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொள்வதால், கணினி கூலன்ட் சென்சாரைப் பார்த்து, எஞ்சின் சூடேறும்வரை பெட்ரோலை வேண்டுமென்றே கூடுதலாக ஊற்றும். அந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதையும் அது தள்ளிப்போடலாம். காலையில் இரண்டு மூன்று நிமிடம் நீடிக்க வேண்டிய இந்த ஏற்பாடு, என் வண்டியில் கடலூரிலிருந்து புதுச்சேரிவரை நீடித்திருக்கிறது. எஞ்சினிடம் எந்தப் பிழையும் இல்லை. குளிர்கிறது என்று கூலன்ட் சென்சார் சொன்னது, அதற்கேற்ப நடந்துகொண்டது. கூலன்ட் சென்சாரே பழுதாகித் தவறான அளவைச் சொன்னாலும், ஆக்சிஜன் சென்சார் முதுமையால் மந்தமானாலும் விளைவு இதே வகைதான்.

மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வதில் முழு நியாயமில்லை. தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதித்து, அதன் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய்விடும். கூலன்டுக்குப் பதிலாக உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் நம் வழக்கத்தால் அது துருப்பிடித்துச் சிக்குவதும் உண்டு. அதற்கு மருந்து நல்ல கூலன்ட், வால்வைக் கழற்றுவதல்ல. சில நூறு ரூபாய்க்குப் புதிய தெர்மோஸ்டாட் போட்டு, விசிறியைப் பழைய இணைப்புக்கே மாற்றினேன். இரண்டு டேங்க்குக்குப் பிறகு நோட்டில் 15.2 என்று எழுதினேன்.

மீதியைத் தேடிச் சக்கரத்துக்கு வந்தேன். இத்தகைய கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் தடை சுமார் 10 கிலோ எடைக்கு ஈடான விசையாகவும், டயர் உருள்வதற்கான தடை இன்னொரு 10 கிலோவாகவும் இருக்கும். வேகம் 80-ஆனால் காற்றுத் தடை மட்டும் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, அது வேறு கதை. இந்த 20 கிலோவோடு, ஒரு பிரேக் விடாமல் உரசுவதால் 2 கிலோ சேர்ந்தால் பத்து விழுக்காடு போய்விடும். ஓட்டுபவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கடற்காற்றில் உப்பு கலந்திருக்கும் நம் பகுதியில், முன்சக்கரக் கேலிப்பர் (பிரேக் தட்டைப் பிடிக்கும் கவ்வி) நழுவ வேண்டிய ஊசிகள் கிரீஸ் வற்றித் துருவேறி இறுகிக்கொள்கின்றன. கார்த்திகை மழையில் ஹேண்ட்பிரேக் போட்டபடி நாள்கணக்கில் நிற்கும் காரில் பின்சக்கரப் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது. கண்டுபிடிப்பது எளிது. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் காட்டினால் போதும், தொடத் தேவையில்லை. என் வண்டியில் இடது முன்சக்கரம் தோசைக்கல் போல அனலடித்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றியபோது அரைச் சுற்றில் நின்றது. ஊசிகளைக் கழற்றித் தேய்த்துக் கிரீஸ் தடவியதும் மூன்று சுற்றுக்கு மேல் ஓடியது. டயர் காற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பிடித்துவைத்தால் சரி.

ஓட்டும் விதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆட்களோடு 800 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் சேர்த்துவைத்திருக்கும் ஆற்றல் சுமார் 77 கிலோஜூல். அதைப் பெற எஞ்சின் எரித்தது ஏறக்குறைய 12 மி.லி. பெட்ரோல், அதாவது இருமல் மருந்து மூடி ஒன்று நிறைய. ஒவ்வொரு முறை பிரேக்கடித்து முழுதாக நிற்கும்போதும் அந்த மூடியைச் சாலையில் கவிழ்க்கிறோம். அரியாங்குப்பத்திலிருந்து இந்திரா காந்தி சதுக்கம்வரை காலை நெரிசலில் இருபது மூடி எளிதில் கவிழ்ந்துவிடும். முன்னால் சிவப்பு விளக்கைக் கண்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதே இதற்கு வழி. அப்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளாமல் இருப்பது நல்லது. இஞ்செக்டர் வண்டியில் கியர் போட்டபடி கால் எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் கணினி பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கவே பெட்ரோல் செலவாகும்.

ஏ.சி.யின் செலவு கடற்கரை ஊர்களில் கூடுதல். புழுக்கமான காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவியையும் நீராக்க வேண்டியிருக்கிறது; காருக்கடியில் சொட்டும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் சுமார் 2.4 மெகாஜூல் வெப்பத்தை ஏ.சி. அகற்றியிருக்கிறது. உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்திவைத்தால் வெளியிலிருந்து புதிய ஈரம் வருவது வெகுவாகக் குறைகிறது.

இவ்வளவும் செய்தபின் நோட்டில் 16.3 வந்தது. 17 ஏன் வரவில்லை என்று யோசித்ததில், 17 எழுதிய நாள்களில் பங்க்கில் கிடைத்த பெட்ரோலில் எத்தனால் பத்து விழுக்காட்டுக்கு மேல் இல்லை, இப்போது இருபது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான் உண்டு என்பதால், பத்திலிருந்து இருபதுக்கு மாறும்போது லிட்டருக்கான ஆற்றல் மூன்றரை விழுக்காட்டை ஒட்டிக் குறைகிறது. 17-இலிருந்து அதைக் கழித்தால் 16.4.