பூஸ்டர் வாங்கும் முன் கைபேசியால் ஒருமுறை அளந்து பாருங்கள்

வைஃபை சரிசெய்யப் போகும் வீடுகளில் அதிகம் கேட்பது இதுதான்: "மாடி ரூம்ல ரெண்டு கோடுதான் காட்டுது சார், ஒரு பூஸ்டர் போட்டுரலாமா?" சிலர் அதற்குள் பூஸ்டர் என்று சொல்லப்படும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி, சிக்னலே எட்டாத அந்த அறையிலேயே செருகியும் வைத்திருப்பார்கள். வராத சிக்னலை அது எங்கிருந்து வாங்கித் திருப்பி அனுப்பும்?

முதலில், அந்தக் கோடுகளை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு கைபேசி நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியது, சிக்னலின் சக்தியைச் சொல்லும் டிபிஎம் என்ற அளவில் வரும் எண். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவசச் செயலிகள் கிடைக்கும். லொகேஷனை ஆன் செய்யச் சொல்லிக் கேட்கும், அது வழக்கமானதுதான். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டியை நிறுவி, செட்டிங்ஸில் அதற்குரிய பக்கத்தில் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைத் தட்டினால் போதும்.

எண் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை. வீடியோ கால் தடையில்லாமல் ஓட மைனஸ் 67 வரை இருக்கலாம். மைனஸ் 80 ஆனால் இணைந்திருப்பதே பெரிய விஷயம். 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று பொருள். மைனஸ் 60-க்கும் 70-க்கும் கொஞ்சம்தானே வித்தியாசம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அளப்பதிலும் கொஞ்சம் பக்குவம் வேண்டும். ஒரே கைபேசியால் வீடு முழுக்க அளங்கள். இரண்டு கைபேசிகள் ஒரே இடத்தில் வேறு வேறு எண் காட்டுவது சகஜம். நம் உடம்பும் சிக்னலை மறைக்கும் என்பதால், நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, எண் எங்கே ஊசலாடுகிறது என்று பார்த்துச் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை. வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் தாண்டினால் 5 சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இப்படி ஒரு சுற்று வந்தாலே பாதி வீடுகளில் காரணம் தெரிந்துவிடும். ஃபைபர் இழுக்க வந்தவர் கேபிள் நுழையும் வாசல் பக்கமே ரவுட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். இல்லையென்றால் டிவிக்குப் பின்னால், அல்லது கண்ணாடி பதித்த இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில். அழகுக்குக் குறைவு என்று ரவுட்டரை லாஃப்டில் ஒளித்து வைப்பவர்களை நான் திருத்த முயல்வதை விட்டுவிட்டேன்.

மைனஸ் 50 காட்டியும் நெட் ஊர்கிறதா? அது சிக்னல் குறைவால் அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா ரவுட்டரும் ஒரே சேனலில், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் ஒரே தடத்தில், மோதிக்கொண்டிருக்கலாம். அதே செயலியில் அதையும் பார்க்கலாம். 2.4-இல் ஒன்றின்மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதற்கு மாற்றுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் 2.4 தடுமாறினால், சாதனத்தை 5-க்கு மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ரிப்பீட்டர்தான் வேண்டுமென்றால், மைனஸ் 60-க்கும் 65-க்கும் இடையே காட்டும் இடத்தில், ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவழியில் வையுங்கள். விலை குறைந்த ரிப்பீட்டர்களில் பல, வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே சேனலில் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்து, சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை அங்கேயே வைஃபையாகத் தரும் பெட்டியாக, மாற்றி மாட்டச் சொல்வதுதான் என் வழக்கம்.