அதிவேக ரயிலுக்குத் தனிப் பாதை எதற்கு?

ஜோகூர் பாரு வரைக்கும் இடிஎஸ் மின்ரயில் வந்ததிலிருந்து காப்பிக்கடைப் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: அதே தண்டவாளத்தில் கோலாலம்பூருக்குப் புல்லட் ரயிலையே விட்டால் என்ன, எதற்குப் பல பில்லியன் வெள்ளியைக் கொட்டித் தனியாக ஒரு பாதை? நியாயமான கேள்விதான், ஆனால் வளைவுகள் விடாது.

ரயில் வளைவில் திரும்பும்போது பயணியை வெளிப்பக்கம் தள்ளுவதுபோல் ஒரு விசை தெரியும் இல்லையா, அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இடிஎஸ் அதிகபட்சம் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதை 320 ஆக்கினால் வேகம் இரண்டே கால் மடங்குதான், தள்ளும் விசையோ ஐந்து மடங்குக்கும் மேல். 140-இல் 900 மீட்டர் ஆரமுள்ள வளைவு போதுமென்றால், அதே சௌகரியத்தோடு 320-இல் போக ஏறக்குறைய 4,700 மீட்டர் ஆரம் வேண்டும். வெளித் தண்டவாளத்தை உயர்த்தி ஓரளவு சமாளிக்கலாம், ரொம்ப உயர்த்தினால் வண்டி அங்கே நிற்க நேரும்போது எல்லாரும் உள்பக்கம் சாய்ந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். ஜப்பானில் 1964-இல் திறந்த முதல் ஷின்கான்சென் புல்லட் ரயில் பாதையின் வளைவுகள் 2,500 மீட்டர் ஆரத்தில் போடப்பட்டவை. புதுப்புது ரயில்கள் வந்தும் அந்தப் பாதை இன்றைக்கும் 285-ஐத் தாண்டவில்லை, காரணம் அந்த வளைவுகள். எஞ்சினை மாற்றலாம், ஊர் எழும்பிவிட்ட இடத்தில் பாதையை நேராக்குவது லேசில் நடக்காது.

போதாததற்கு மலேசிய ரயில்பாதையின் அகலம் ஒரு மீட்டர், புல்லட் ரயில்களுக்கு வழக்கமானது 1,435 மில்லிமீட்டர்.

அப்புறம் நிறுத்துவது. வினாடிக்கு வினாடி அரை மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் 320-இலிருந்து நிற்க மூன்று நிமிடமும் சுமார் 8 கி.மீ. தூரமும் ஆகும். பாதையோர விளக்கைப் பார்த்துப் பிரேக் போடுகிற கதையே இல்லை. சமிக்ஞை ஓட்டுநரின் முன்னால் இருக்கும் திரைக்கே வரும், அவர் தாமதித்தால் கணினி பிரேக் போடும்.

2016-இல் சிங்கப்பூரும் மலேசியாவும் கையெழுத்திட்ட அதிவேக ரயில் திட்டத்தை இதை வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து கோலாலம்பூருக்கு 350 கி.மீ., 90 நிமிடம், அதாவது சராசரி 233தான். மொத்தம் எட்டு நிலையங்கள். மெதுவாகி, நின்று, மறுபடி வேகம் பிடிப்பதில் ஒவ்வொரு நிறுத்தமும் ஐந்தாறு நிமிடத்தை விழுங்கிவிடும் என்பதால்தான் இடையில் எங்கும் நிற்காத சேவையும் திட்டத்தில் இருந்தது. சிங்கப்பூருக்குள் வரும் பாதை வெறும் 15 கி.மீ. என்பதால், முழு வேகத்தை நம் மண்ணில் பெரிதாகப் பார்த்திருக்க மாட்டோம்!

என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் குடிநுழைவு ஏற்பாட்டில்தான் இருந்தது. ஏறும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும், இறங்கியதும் நேரே நடையைக் கட்டலாம். 2020 கடைசியில் ஒப்பந்தம் காலாவதியாகி, மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. இந்த ஏற்பாடு மட்டும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ஆர்டிஎஸ் எனும் எல்லை தாண்டும் ரயிலிலும் இருக்கிறது. 4 கி.மீ., ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். அந்தத் தூரத்தில் 320-ஐ எட்ட இடமும் இல்லை, அவசியமும் இல்லை. அங்கே மிச்சமாகப் போவது ஜோகூர் பாலத்து நெரிசலிலும் இரண்டாவது சோதனை வரிசையிலும் நிற்கிற நேரம்.