விளம்பரம் பார்த்தால் காசு: அது யாருடைய காசு?

ஜூலை மாதம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வருகிறவர்களிடம் சம்பளம், வாடகை, வங்கி வட்டி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவேன். "வேறு ஏதாவது வருமானம் உண்டா?" என்ற கடைசிக் கேள்விக்குச் சில ஆண்டுகளாகப் புதிதாக ஒரு பதில் வருகிறது. "ஆப்பில் விளம்பரம் பார்க்கிறேன் சார், அதில் கொஞ்சம் வருகிறது." சொன்ன கையோடு அவர்களே என்னைக் கேட்கிறார்கள்: "நல்ல கம்பெனிதானே சார்?"

நான் வாய் திறப்பதற்குள் கைப்பேசியில் ஆதாரங்கள் வரிசைகட்டும். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், வருமான வரித்துறையின் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி. "வரி பிடித்துக் கட்டுகிறார்கள் சார், அரசாங்கத்துக்குத் தெரியாமலா நடக்கும்?"

இந்த மூன்றையும் வாங்கிக் கொடுப்பதுதான் என் தொழில் என்பதால் சொல்கிறேன். இரண்டு இயக்குநர்கள், ஒரு முகவரி, சில ஆயிரம் ரூபாய் கட்டணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவாகிவிடும். அந்தச் சான்றிதழ் கம்பெனி பிறந்ததற்குச் சாட்சி. பொதுமக்களிடம் பணம் திரட்ட அது உரிமம் ஆகாது. ஜிஎஸ்டி எண் இருப்பவர் வரி கட்டக் கடமைப்பட்டவர், அவ்வளவுதான். டிடிஎஸ் சங்கதி இன்னும் வேடிக்கை. சட்டவிரோத வருமானத்துக்கும் இந்நாட்டில் வரி உண்டு. வரித்துறை வரியை வாங்கிக்கொண்டதால் தொழில் சுத்தமாகிவிடாது.

இவை தவிர நான்காவதாக ஓர் ஆதாரம் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் கடைசித் துருப்பாக எடுப்பார்கள்: "பணம் வந்துகொண்டுதானே இருக்கிறது சார்!" வரும். வந்தே தீரவேண்டும். மக்கள் பணத்தை மக்களுக்கே சுற்றிவிடும் எந்தத் திட்டமும் முதல் சில மாதங்கள் நாணயமாகக் கொடுக்காமல் வளர்ந்ததில்லை. உங்கள் கணக்கில் விழும் தொகை அவர்களுக்கு விளம்பரச் செலவு. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்தான் அவர்களுடைய நிஜமான விளம்பரம். ஆகவே பணம் வருகிறதா என்று கேட்பதில் பயனில்லை. யாருடைய பணம் வருகிறது என்று கேளுங்கள்.

அதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்க ஆடிட்டர் தேவையில்லை. உதாரணத்துக்கு ஒரு திட்டம்: 60,000 ரூபாய் கட்டி உறுப்பினராகிறீர்கள். தினமும் 20 விளம்பரம் பார்த்தால் 500 ரூபாய். அப்படியானால் ஒரு விளம்பரத்துக்கு 25 ரூபாய். யூடியூபில் ஒருவருக்கு ஒருமுறை தன் விளம்பரத்தைக் காட்ட இங்குள்ள ஒரு வியாபாரிக்குப் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூட ஆவதில்லை, பைசாக் கணக்கில் முடிந்துவிடும். அதுவும் ஊர், வயது, விருப்பம் பார்த்துப் பொறுக்கி எடுத்த பார்வையாளர்கள். இங்கே பார்ப்பவர் யார்? திருப்பூரில் பவர்டேபிள் என்னும் தையல் பட்டறை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவரின் மனைவி, கணவரின் கணக்கு விஷயமாக என்னுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியின் சத்தத்தை அணைத்து மேசையில் வைத்துவிட்டு விளம்பரத்தை ஓடவிட்டார். ஒரு சோப்பு விளம்பரம். மூலையில் யூடியூப் சின்னம் தெரிந்தது. முடிந்ததும் திரையில் நான்கு இலக்க எண் வந்தது, அதைத் தட்டினார், அடுத்தது ஓடியது. அந்தச் சோப்பு எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டேன். சிரித்தார். நான் சோப்பு விற்பவனாக இருந்தால் இப்படிப் பார்ப்பதற்கு 25 பைசாகூடத் தரமாட்டேன்.

அந்தச் சோப்புக் கம்பெனிக்கு இப்படி ஓர் ஆப் இருப்பதாவது தெரியுமா என்பது அடுத்த கேள்வி. யூடியூபில் எவர் வேண்டுமானாலும் பார்க்கக் கிடக்கும் விளம்பரத்தை எடுத்து ஆப்புக்குள் ஓடவிட யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கூகுள் வழியாக வரும் விளம்பர வருமானத்தைப் பங்கிடுகிறோம் என்று சொன்னால் அதுவும் எடுபடாது. பார்ப்பவருக்குக் கூலி கொடுத்து விளம்பரத்தைப் பார்க்க வைப்பதை கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸின் விதிகளே தடுக்கின்றன. கைப்பேசி விளையாட்டுகளில் விளம்பரம் பார்த்தால் இன்னொரு உயிர், கொஞ்சம் நாணயம் தருகிறார்களே, அது அனுமதிக்கப்பட்டது. ரொக்கமாகக் கொடுப்பது கூடாது. காசுக்காகப் பார்ப்பவன் பொருளை வாங்கமாட்டான் என்று விளம்பரம் கொடுப்பவர்களுக்குத் தெரியும்.

மீண்டும் கணக்குக்கு வருவோம். நீங்கள் கட்டிய 60,000 உங்களுக்கே 120 நாளில் திரும்பிவிடும். 121-ஆவது நாளுக்கு இன்னொருவர் கட்டியாக வேண்டும். அவர் கட்டும் 60,000-இல் அவரைச் சேர்த்துவிட்டவருக்கு 10,000 போனால் மிச்சம் 50,000, அது ஒரு ஆளின் நூறு நாள் படி. ஆகவே நூறு நாளைக்கு ஒரு முறையாவது உறுப்பினர் எண்ணிக்கை இரட்டிப்பாக வேண்டும். ஆயிரம் பேரில் தொடங்கினால் மூன்று ஆண்டுக்குள் பத்து லட்சம் பேர் வேண்டும். முதலாளி தனக்கென்று ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது!

இது ஊகம் அல்ல என்பதற்கு நொய்டாவில் நடந்ததைப் பாருங்கள். ஏப்லேஸ் இன்ஃபோ சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் 'சோஷியல் டிரேட்' என்ற பெயரில் 5,750 முதல் 57,500 ரூபாய் வரை வாங்கிக்கொண்டு ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய் கொடுத்தது. 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படை அதன் உரிமையாளரைக் கைது செய்தபோது வெளியில் சொல்லப்பட்ட தொகை சுமார் 3,700 கோடி, சேர்ந்தவர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்து நடந்த டிராஃபிக் மான்சூனும் இதே ரகம். 50 டாலருக்கு 'ஆட்பேக்' என்ற விளம்பரத் தொகுப்பை வாங்கி, தினமும் விளம்பரங்களைச் சொடுக்கினால் 55 டாலர் வரை திரும்பும் என்றார்கள். 2016-இல் அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் வழக்குத் தொடுத்தபோது, அதன் வருமானத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆட்பேக் விற்றதில் வந்தது என்று நீதிமன்றத்தில் சொன்னது. விளம்பரத்துக்கென்று வெளியாட்கள் கொடுத்த காசு ஒரு சதவீதம்கூட இல்லை.

நம் பகுதிக்கும் இது புதிதல்ல. 2024 ஜனவரி 29 அன்று கோவை நீலாம்பூரில், விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டது நினைவிருக்கும். ஏமாந்தோம் என்று சொல்ல அவர்கள் வரவில்லை. எங்கள் கம்பெனி மேல் வழக்குப் போடாதே என்று சொல்ல வந்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லவேண்டியது நீதிமன்றம், நான் அல்ல. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் இவ்வகை விவகாரங்களில் போலீஸ் ஏன் தாமதமாகவே வருகிறது என்பது புரியும். பணம் வரும்வரை புகார்தாரர் கிடையாது. ஈமு கோழி வளர்ப்பு, பாசி ஃபாரெக்ஸ் என்ற அந்நியச் செலாவணி முதலீடு என்று பெரிய மோசடிகளை எல்லாம் பார்த்த கொங்கு மண் இது. ஈமுவிலாவது கொட்டகையில் ஒரு பறவை கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு குறிப்பிட்ட ஆப்பை எப்படிச் சோதிப்பது? ஜிஎஸ்டி தளத்தில் 'டாக்ஸ்பேயரைத் தேடு' என்ற இடத்தில் அவர்கள் கொடுத்த எண்ணைப் போடுங்கள். லாகின் தேவையில்லை. எந்தப் பொருள், எந்தச் சேவை என்று பதிவு செய்திருக்கிறார்கள் என்பது வரும். இணையத்தில் விளம்பர இடம் விற்பவர்களுக்கான குறியீடு 998365. நான் இப்படித் தேடிக் காட்டிய ஒன்றில் மூலிகை மாத்திரையும் அழகுசாதனப் பொருளும்தான் இருந்தன. அடுத்து, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் பதிவான நாள், செலுத்தப்பட்ட மூலதனம், கடைசியாக பேலன்ஸ் ஷீட் தாக்கல் செய்த நாள் எல்லாம் இலவசமாகத் தெரியும். நூறு ரூபாய் கட்டினால் அந்த பேலன்ஸ் ஷீட்டையே திறந்து படிக்கலாம். லாப நஷ்டக் கணக்கில் முதல் வரி வருமானம். அதற்கான குறிப்பில் விளம்பர வருமானம் எவ்வளவு, பொருள் விற்பனை எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். விளம்பரக் கம்பெனி என்று சொல்லிக்கொள்கிற ஒன்றின் கணக்கில் விளம்பர வருமானமே இல்லையென்றால் அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் ஆராய வேண்டாம்.

மூலிகை மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கட்டணத்தை நேரடியாக வாங்கினால் அது டெபாசிட் ஆகிவிடும், ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். ஆகவே 60,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி மாத்திரை விற்றதாக பில் போடுகிறார்கள். அந்த மாத்திரையை இந்தத் திட்டம் இல்லாமல் கடையில் வைத்தால் அதே விலைக்கு ஒருவராவது வாங்குவாரா? இந்த ஒரு கேள்வியே போதும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978-இல் வந்தது. அத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கேற்பதும் அதன்படி குற்றம். மச்சினனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துவிட்டு, அவர்கள் பணத்தைத் தன் ஜிபே எண்ணில் வாங்கி மேலே அனுப்பியவர் நிலை இன்னும் மோசம். வங்கி அறிக்கையில் பணம் வந்தது அவர் பெயருக்கு. கம்பெனி கைவிரித்தால் வாசலில் நிற்பவர்கள் அவரைத்தான் தேடுவார்கள்.

நேர்மையானவை இல்லவே இல்லையா? இருக்கின்றன. பிரேவ் உலாவி விளம்பர வருமானத்தில் 70 சதவீதத்தைத் தன் கிரிப்டோ டோக்கனாகப் பயனாளருக்குத் தருகிறது. கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் கருத்துக் கேட்டுவிட்டு பிளே ஸ்டோர் இருப்பில் சில ரூபாய் சேர்க்கிறது. இரண்டிலும் சேரக் கட்டணம் இல்லை, ஆள் பிடிக்க வேண்டியதில்லை, கிடைப்பது மாதத்துக்கு ஒரு டீச் செலவுக்குக் காணும். விளம்பரம் பார்ப்பதன் உண்மையான சந்தை விலை அதுதான்.

டெலிகிராமில் வரும் 'வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்' வேறு வகை. முதல் நாள் 150 ரூபாய் வரும். மூன்றாம் நாள் 'முன்பணம் கட்டும் டாஸ்க்' என்று தொடங்கும். இதில் முன்பணம் கட்டாமல் 150-ஐ வாங்கிக்கொண்டு விலகிய புத்திசாலிகளும் மாட்டுகிறார்கள். அந்த 150 வேறு மாநிலத்தில் ஏமாந்த ஒருவரின் கணக்கிலிருந்து வந்ததாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும் பணம் போன வழியில் இருக்கும் கணக்குகள் ஒவ்வொன்றாக முடக்கப்படும். சம்பளம் வரும் கணக்கு முடங்கி, கடன் தவணை திரும்பிய பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டவர்கள் முதலில் புதிதாக யாரையும் சேர்ப்பதை நிறுத்துங்கள். எடுக்க முடிந்ததை எடுங்கள், 'மேல் நிலைக்கு மாறினால்தான் எடுக்க முடியும்' என்றால் கட்டாதீர்கள். ஆப் திடீரென்று மறைந்துவிடும் என்பதால் இருப்பு, உறுப்பினர் எண், பரிவர்த்தனைப் பட்டியல் எல்லாவற்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யுபிஐ குறிப்பு எண்களுடன் வங்கி அறிக்கையும், மாத்திரைக்குப் போட்ட பில்லும் வேண்டும். ஏமாற்றப்பட்டது இப்போதுதான் நடந்தது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. கம்பெனி பற்றிய புகாரை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும், பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் கொடுக்கலாம். முதலீட்டாளர் பாதுகாப்புக்கான 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் சொத்துகள் முடக்கப்பட்டு, ஏலம் போய், பிறகுதான் பணம் பங்கிடப்படும். அதற்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2009-இல் வெடித்த பாசி வழக்கில் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது 2022 ஆகஸ்டில்.