ஹாட்பாக்ஸில் வைத்த வடைக்கு என்ன ஆகிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளின் பள்ளியில் பெற்றோர்கள் ஆளுக்கொரு பண்டம் செய்துகொண்டு வந்து, எல்லோருமாகப் பகிர்ந்து சாப்பிடும் விருந்து. பிள்ளைகள் கையில் எடுத்துக் கடித்துக்கொண்டே ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். நான்கு மணிக்கு 60 மெதுவடை சுட்டு, சூடு ஆறாமல் ஹாட்பாக்ஸில் அடுக்கி எடுத்துப் போயிருக்கிறார். ஏழு மணிக்குத் திறந்தால் அத்தனையும் நமத்துக் கிடக்கிறது. பக்கத்து மேசையில் யாரோ போன வாரம் சுட்ட தேன்குழல் மட்டும் மொறுமொறுவென்று காலியாகிக்கொண்டிருந்தது. “நான் சுடும்போது எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தார், கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். உண்மையில் என்னதான் நடந்தது?” என்று கேட்கிறார்.

பொரிப்பது எப்படி என்பது தெரிந்த கதைதான். எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். வாணலியில் பொங்கும் குமிழ்கள் எல்லாம் மாவிலிருந்து வெளியேறும் நீராவி. தேன்குழல் மெலிதாக இருப்பதால் அதன் ஈரம் அநேகமாக முழுவதும் போய்விடும். “சலசலப்பு அடங்கினால் எடு” என்று பாட்டிமார் சொன்னது ஈரத்தை அளக்கும் நேர்த்தியான முறை. வடை தடிமன். வெளித்தோல்தான் காய்கிறது, உள்ளே பஞ்சு போல ஈரம் அப்படியே இருக்கும்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த வெளித்தோல் ஒரு வகைக் கண்ணாடி.

உவமைக்காகச் சொல்லவில்லை. மாவில் இருக்கும் ஸ்டார்ச் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஈரத்தோடு சூடாகும்போது அவை உப்பி, அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எண்ணெயில் தண்ணீர் சட்டென்று வெளியேறிவிடுவதால், அவற்றுக்கு வரிசையாக அடுக்கிக்கொள்ள நேரமில்லை. சிக்கலாகக் கிடந்த நிலையிலேயே இறுகிவிடுகின்றன. இப்படி ஒழுங்கில்லாமல் இறுகிய திடப்பொருளைத்தான் இயற்பியலில் கண்ணாடி நிலை என்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான், பஞ்சு மிட்டாயின் சர்க்கரை இழையும் அப்படித்தான். கண்ணாடி வளையாது, உடையும். தேன்குழலுக்குள் காற்றறைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய சுவர்கள் இருக்கின்றன. கடித்தால் அவை அடுத்தடுத்து உடைகின்றன, ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஒலி எழுப்புகிறது. அந்த ஒலிகளின் கூட்டத்துக்குத்தான் நாம் ‘மொறுமொறு’ என்று பேர் வைத்திருக்கிறோம்.

கண்ணாடியைச் சூடாக்கினால் ஒரு கட்டத்தில் இளகும். காய்ந்த ஸ்டார்ச் இளக 100 டிகிரிக்கு வெகு மேலே போக வேண்டும். ஆனால் தண்ணீர் சேர்ந்தால் கதையே மாறிவிடுகிறது. சின்னஞ்சிறு நீர் மூலக்கூறுகள் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே நுழைகின்றன. சங்கிலியும் சங்கிலியும் பிடித்துக்கொண்டிருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை விடுவித்து, தாங்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. சங்கிலிகள் நழுவ இடம் கிடைக்கிறது, இளகும் வெப்பநிலை மளமளவென்று இறங்குகிறது. சில சதவீதம் ஈரம் ஏறினாலே போதும், அடுப்பே இல்லாமல், அறையின் சூட்டிலேயே அந்தக் கண்ணாடி இளகத் தொடங்கிவிடும். நமத்துப்போவது என்றால் இதுதான். மழை நாளில் பஞ்சு மிட்டாய் சுருங்கிப் பிசுபிசுப்பதும் இதே காரணத்தால்தான்.

சரி, ஹாட்பாக்ஸுக்கு வருவோம். வடையின் உள்ளே இருக்கும் ஈரம், காய்ந்த தோலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். திறந்து வைத்திருந்தால் அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மூடிய பெட்டிக்குள் போக வழியில்லை. ஆவி நிறைந்து, மூடியில் நீர்த்துளியாகி, மேல் வடையில் சொட்டுகிறது. உள்ளிருந்தும் ஈரம், வெளியிலிருந்தும் ஈரம். மூன்று மணி நேரம் ஏகப்பட்ட அவகாசம்.

எனவே எதிர்வீட்டு அக்காவுக்கும் வடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அழுத்தியே சொல்கிறேன். பலகாரம் கெட்டால் கண் பட்டது என்று சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதே பேச்சைச் சொல்லித்தான் கணவனை இழந்த எத்தனையோ பெண்களை விசேஷ வீட்டு அடுப்படியிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். ஒரு நீர் மூலக்கூறு செய்ததற்கு ஒரு மனுஷியைக் குற்றம் சொல்வது அநியாயம்.

இதையெல்லாம் ஆராய்வது வீண் செலவு என்பவர்களும் உண்டு. சிப்ஸ் நொறுங்கும் ஒலியைக் கூட்டிக் கேட்கவைத்தால், தின்பவருக்கு அது இன்னும் மொறுமொறுப்பாகத் தோன்றுகிறது என்று சாம்பினி, ஸ்பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். 2008இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. சிரித்துவிட்டுப் போகட்டும். உருளைக்கிழங்கு சிப்ஸுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு நம் தட்டைக்கும் அதிரசத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, தஞ்சாவூரிலும் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. இந்த வேலைக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம்.

அடுத்த விருந்துக்குத் தட்டை, ரிப்பன் பக்கோடா, தேன்குழல் எது வேண்டுமானாலும் தைரியமாகக் கொண்டு போகலாம். ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் போதும். வடைதான் வேண்டும் என்று மகள் அடம் பிடித்தால், ஆமவடையைச் சின்னதாக, மெலிதாகத் தட்டிச் சுடுங்கள். அடுக்காமல் மூங்கில் தட்டில் பரப்பி, மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். சட்னி தனியாக இருக்கட்டும்.

அப்புறம், நமத்த தேன்குழலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏறிய ஈரத்தை வெளியேற்றினால் கண்ணாடி திரும்பிவிடும். வெறும் வாணலியில் சின்னத் தீயில் சில நிமிடம் புரட்டி எடுங்கள். சுடச்சுடக் கடித்துப் பார்த்து, இன்னும் மெத்தென்று இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஆறும்போதுதான் இறுகும்.